எங்கள் சங்க மண்டபத்துக்கு என்ன வயது?

06.01.2023, வாசகர் ஒருவரின் பதிவு

நான் கனடாவில் ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறேன். தெருமுனையில் ஒட் ஃபெல்லோஸ் என்ற சகோதர சங்கத்தின் பழைய மண்டபம் நிற்கிறது. கீழே கடை, மேலே சங்கம் கூடும் அறை. நூறு வருடத்துக்கு மேலான கட்டடம். இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் இப்படி ஒன்றுகூட இல்லை. சனசமூக நிலையம் என்று நிற்பவை எல்லாம் போர் முடிந்த பிறகு தொண்டு நிறுவனங்கள் கட்டித் தந்தவை. போன வருடம் வந்தபோது பலகைகளை நானே வாசித்தேன்: 2010, 2011, 2012. எங்கள் சனத்துக்குச் சங்கம் வைத்து நடத்தும் பழக்கமே இல்லை. யாராவது மறுக்க முடியுமா?

07.01.2023

நான் மறுக்கிறேன்.

நீங்கள் வாசித்தது சுவரின் வயது. எங்கள் ஊர் மண்டபத்திலும் 2011 என்றுதான் பலகை இருக்கிறது. ஆனால் அது அந்தக் காணியில் எழுந்த மூன்றாவது கட்டடம். இரண்டாவதற்கு ஒருமுறை புதுக்கூரை போட்டதையும் சேர்த்தால் நான்கு என்று ஊரில் சொல்வார்கள்.

ஊர் இரணைமடுக் குளத்தின் கீழ், வாய்க்கால் கரையில் இருக்கிறது. 1902 இல் கட்டத் தொடங்கிய குளம் 1920 இல் முடிந்தது. கிளிநொச்சியில் குடியேற்றம் 1936 இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் காணி இல்லாதவர்களுக்கு இங்கே காடு வெட்டிக் கமம் செய்யக் காணி கொடுத்தார்கள். எங்கள் அப்பு, அதாவது அம்மாவின் தகப்பன், தீவுப்பக்கத்தில் இருந்து வந்தவர். பக்கத்துக் காணிக்காரர் வடமராட்சி. அடுத்தவர் தென்மராட்சி. ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாது. சொந்தம், சகோதரம், பங்காளி எல்லாம் கடலுக்கு அந்தப்பக்கம்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு செத்தவீடு வந்தால் என்ன செய்வது? ஊரில் என்றால் பாடை கட்ட ஆள் வரும், தூக்கிக் காவ ஆள் வரும், பந்தல் போட, சுடலைக்கு விறகு கொண்டுபோக என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் இருக்கும். இங்கே ஒருவரும் இல்லை. சாவுக்கோ குறைவில்லை. காய்ச்சல், பாம்பு, யானை. மலேரியாவுக்குப் பயந்தே பலர் காணியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். 1946 இல் டி.டி.ரி. என்ற நுளம்பு மருந்து தெளிக்கத் தொடங்கிய பிறகுதான் வன்னிக் காய்ச்சல் அடங்கியது.

எங்கள் சங்கம் இதற்காகத்தான் தொடங்கியது. பெயர் மரண உதவிச் சங்கம். வாசிகசாலையும் சனசமூக நிலையமும் பிறகு வந்து அதே கூரையின் கீழ் சேர்ந்தன.

07.01.2023, இரவு

ஒட் ஃபெல்லோஸ் பற்றித் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் அந்தச் சங்கத்தை 1819 இல் தோமஸ் வைல்டி என்பவர் பால்ற்றிமோரில் தொடங்கியிருக்கிறார். உறுப்பினருக்கு நான்கு கடமைகள்: நோயாளியைப் போய்ப் பார்ப்பது, துன்பப்பட்டவருக்கு உதவுவது, இறந்தவரை அடக்கம் செய்வது, தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைப் படிக்க வைப்பது.

மூன்றாவதை இரண்டு தரம் வாசித்தேன். உங்கள் தெருமுனையில் நிற்பதும் எங்கள் வாய்க்கால் கரையில் நிற்பதும் ஒரே வேலைக்காக எழுந்தவை.

10.01.2023

முதல் மண்டபம் எப்படி இருந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதை மண்டபம் என்று சொல்ல முடியாது, ஒரு கொட்டில். வாய்க்கால் ஓரத்து மருதமரத்தின் கீழ் ஆறு பாலைமரக் கப்பு, மேலே கிடுகு. காடு வெட்டும்போது கிடைத்த மரம் என்பதால் காசு செலவில்லை. கிடுகுதான் வெளியில் இருந்து வர வேண்டும், அப்போது இங்கே தென்னை காய்க்கத் தொடங்கவில்லை. கிடுகு முன்னூறு வந்தது என்று அப்பு சொல்வார்.

சங்கத்தின் சொத்து கொட்டிலுக்கு உள்ளே இருந்தது. பெரிய செம்புக் கிடாரம் ஒன்று, சருவங்கள், இரண்டு படங்கு, பெற்றோல்மக்ஸ் ஒன்று, பாய்கள், ஒரு சேமக்கலம், ஒரு றங்குப்பெட்டி. கணக்குக் கொப்பி றங்குப்பெட்டியில் இருக்கும். கிடாரத்தின் விளிம்பில் ஆணியால் குத்திய எழுத்துகள்: ம.உ.ச. சின்ன வயதில் அந்தப் புள்ளிகளை விரலால் தடவித்தான் நான் 'ம' எழுதப் பழகினேன்.

சாவு நடந்தால் சேமக்கலம் அடிப்பார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் கட்டாயம் வர வேண்டும். ஒரு கட்டு விறகும் ஒரு தேங்காயும் கொண்டு வர வேண்டும். வயலில் தண்ணீர் மாறும் முறை யாருக்கு இருந்தாலும், அன்றைக்கு அவருடைய முறையை வேறு யாரும் பிடிக்கக்கூடாது. தண்ணீர் முறைக்காக மண்வெட்டி தூக்குகிற ஊரில் இந்த விதி எழுதினார்கள், எழுதியபடி நடந்தும் காட்டினார்கள் என்பதைத்தான் நான் இன்றைக்கும் பெரிதாக நினைக்கிறேன்.

சந்தா மாதம் 25 சதம்.

11.01.2023

திருத்தம். 25 சதம் பிறகு வந்த கணக்கு. தொடக்கத்தில் காசே இல்லை, போகத்துக்கு ஒரு மரைக்கால் நெல். அம்மா சொன்னார். நெல்லை விற்றுத்தான் கிடாரம் வாங்கினார்களாம்.

தொடங்கிய ஆண்டையும் கேட்டீர்கள். 1953 என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது, அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு ஆண்டுக் கணக்கு இல்லை. "விதானையார் வந்துதான் கொட்டிலைத் திறந்து வைச்சவர்" என்றார். ஊர் அலுவலை அரசாங்கத்துக்காகப் பார்த்த விதானைமார் முறை 1963 இல் முடிந்து கிராம சேவகர்கள் வந்தார்கள். ஆகவே அதற்கு முந்தியது. இதுவரை நான் எழுதக் கூடியது இவ்வளவுதான், 1953 ஐ விட்டுவிடுகிறேன்.

19.01.2023

இரண்டாவது கட்டடம் மிளகாய் கட்டிய கட்டடம்.

1970க்குப் பிறகு வந்த அரசாங்கம் வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கதவை மூடியது. செத்தல் மிளகாயின் விலை ஏறிய ஏற்றத்தை வன்னியில் அந்தக் காலத்துச் சனம் இன்னும் கதையாகச் சொல்கிறது. மேட்டுக்காணி முழுக்க மிளகாய். விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபருக்குக் காணி கொடுத்த திட்டத்தில் வந்த பொடியள் உழவு இயந்திரம் வாங்கினார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு சாக்குச் செத்தல் மண்டபத்துக்கு என்று தீர்மானித்தார்கள். அம்மா அப்போது குமர்ப்பிள்ளை. சாக்குகள் லொறியில் ஏறிய நாளில் ஊரே தும்மிக்கொண்டு நின்றது என்பார்.

அந்தக் காசில் கல், சீமெந்து, ஓட்டுக்கூரை. மூன்று பக்கமும் விறாந்தை. முன்னறையைக் கூட்டுறவுச் சங்கக் கடைக்கு வாடகைக்கு விட்டார்கள். 1971 இல் சிறு கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்த்துப் பெரிய பலநோக்குச் சங்கங்களாக ஆக்கியபோது ஊருக்கு ஊர் கிளைக்கடை தேவைப்பட்டது, எங்களுக்கு வாடகைக்கு ஆள் கிடைத்தது. கீழே கடை, மேலே சங்கம் என்று உங்கள் ஊரில் இருப்பது, இங்கே முன்னால் கடை, பின்னால் சங்கம். வாடகை செத்தவீட்டு நிதிக்குப் போனது.

பின்னறை வாசிகசாலை ஆனது. வீரகேசரியும் ஈழநாடும் பிற்பகலில் வரும். ஒருவர் உரத்து வாசிப்பார், மற்றவர்கள் விறாந்தையில் இருந்து கேட்பார்கள். எழுத்துத் தெரியாதவர்களும் நாட்டு நடப்பைச் சண்டை பிடித்துப் பேசியது அந்த விறாந்தையில்தான். கோடை நெல்லான சிறுபோகத்துக்குத் தண்ணீர் பங்கிடும் கூட்டத்துக்கு முந்திய இரவு, எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் கேட்பது என்று அங்கேதான் முடிவெடுப்பார்கள்.

1977 இல் இறக்குமதியைத் திறந்து விட்டார்கள். செத்தல் விழுந்தது. மண்டபத்துக்கு மதில் கட்டும் திட்டம் அத்தோடு நின்றது. மதில் இன்றைக்கும் இல்லை.

20.01.2023

"ஊரில் எல்லோரும் உறுப்பினரா?" என்று ஒருவர் ஒற்றை வரியில் கேட்டிருக்கிறார். ஆம், எல்லோரும். சாவில் ஆள் பார்க்கவில்லை.

25.01.2023

நான் போட்ட படத்தில் மண்டபச் சுவரில் கறுப்பாகத் தெரிவது என்ன என்று கேட்டவருக்கு: அது விளக்குப் புகை. தொண்ணூறுகளில் வன்னிக்குள் மண்ணெண்ணெயும் பற்றரியும் வருவது பெரும்பாடு. பெற்றோல்மக்ஸ் தூங்கியது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கரண்டியளவு எண்ணெய் விட்டு, மூடியில் திரி போட்டு எரிப்போம். அந்த விளக்கு நான்கை வரிசையாக வைத்து அதன் கீழ் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தோம். செய்தி கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாடும். செய்தி முடியும்வரை சுற்றுகிறவர் நிறுத்தக்கூடாது. நான் நிறைய நாள் சுற்றியிருக்கிறேன். சுற்றுகிறவனுக்குச் செய்தி காதில் ஏறாது, பிறகு யாராவது எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

1995 ஐப்பசியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது மண்டபத்துக்குள் பதினொரு குடும்பம் இருந்தது. சேலை கட்டிப் பிரித்த பதினொரு அறை.

02.02.2023

20 ஆம் திகதி எழுதியதை மாற்ற வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு இந்தப் பதிவுகளை வாசித்துக் காட்டிக்கொண்டு வந்தேன். "எல்லோரும் உறுப்பினர்" என்ற இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார்.

"வாய்க்காலுக்கு அங்கால இருந்த ஆக்களை நீ சேர்க்கேல்லை. சங்கமும் சேர்க்கேல்லை."

1977 ஆவணியில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வந்த குடும்பங்கள் அவர்கள். சிலர் அதற்கு முந்தியே, தோட்டங்களில் பட்டினி கிடந்த காலத்தில் வந்தவர்கள். எங்கள் வயல்களில் கூலிக்கு நின்றார்கள், மிளகாய்க்குத் தண்ணீர் இறைத்தார்கள். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் காட்டோரத்தில் வரிசையாகக் கொட்டில் போட்டு இருந்தார்கள்.

சங்க விதியில் ஒரு வரி இருந்தது: காணி அனுமதிப்பத்திரம் உள்ள குடும்பமே உறுப்பினர். குடியேற்றத் திட்டத்துக்காக எழுதிய சாதாரண வரி. அனுமதிப்பத்திரம் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தருவது. 1948 பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கிவிட்டது. பிரசாவுரிமை இல்லாதவருக்கு அரச காணி இல்லை. காணி இல்லாதவருக்கு எங்கள் சங்கம் இல்லை. கொழும்பில் போட்ட சட்டத்தின் கடைசி நுனி எங்கள் கிடாரத்தில் வந்து முட்டியிருக்கிறது.

அங்கே ஒரு சாவு நடந்தபோது கிடாரம் கேட்டு வந்தார்கள் என்றும், உறுப்பினர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள் என்றும் அம்மா சொன்னார். அந்த வருடச் செயலாளர் எங்கள் அப்பு.

எனக்கு அப்புவை மிகவும் பிடிக்கும். அவரைப் பற்றி இதை எழுதக் கை வரவில்லை, மூன்று நாள் தள்ளிப்போட்டேன். ஆனால் 7 ஆம் திகதி நான் எழுதியதை மறுபடி பாருங்கள்: காவ ஆளில்லாத இடத்தில் பிறந்த சங்கம் என்று நானே எழுதியிருக்கிறேன். அதே நிலையில் அடுத்து வந்தவர்களுக்கு அது கதவைத் திறக்கவில்லை.

02.02.2023, மாலை

இன்னும் ஒன்றையும் அம்மா திருத்தினார். அப்பு செத்தது 1996 இடப்பெயர்வில். இராணுவம் கிளிநொச்சியைப் பிடித்த நேரம், நாங்கள் அக்கராயன் பக்கம் ஒரு தறப்பாளின் கீழ் இருந்தோம். எனக்கு அப்போது பதினேழு வயது, காய்ச்சலில் கிடந்தேன். சங்கத்து ஆட்கள்தான் காவினார்கள் என்று இத்தனை வருடமும் நான் நினைத்திருந்தேன்.

சங்கத்து ஆட்கள் மல்லாவிக்கும் விசுவமடுவுக்குமாகச் சிதறிவிட்டார்கள். காவிய நாலு பேரில் மூன்று பேர் வாய்க்காலுக்கு அங்கால இருந்த ஆட்கள். பக்கத்துத் தறப்பாளில் இருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, வந்தார்கள்.

03.02.2023

"பழையதைக் கிளறி ஊரைப் பிரிக்காதே" என்று எழுதியவருக்கு: கிளறியது நான் இல்லை, என் அம்மா. அவருக்கு எழுபத்தொரு வயது. அவர் சொன்னதை நான் விடப்போவதில்லை.

18.02.2023

பிறகு விதி மாறியதா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மாறியது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம், ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் கண்டி வீதி திறந்தது. சனம் ஊருக்குத் திரும்பி மண்டபத்தைத் துப்புரவாக்கியபோது ஓடு ஒன்றும் இல்லை, கதவு நிலை இல்லை, சுவர் மட்டும் நின்றது. புதுக்கூரை போட்டது அப்போதுதான். முதல் கூட்டத்திலேயே அனுமதிப்பத்திர வரியை எடுத்தார்கள். "ஊரில் அடுப்பெரியும் வீடு எல்லாம் உறுப்பினர்" என்று எழுதினார்கள். அந்தச் சொற்றொடர் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது, ஏனென்றால் கொப்பியில் எழுதியது நான். மலையக வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை தரும் புதிய சட்டம் 2003 இல்தான் வந்தது. ஊர் ஒரு வருடம் முந்திக்கொண்டது.

யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்று கேட்காதீர்கள். அந்தக் கொப்பியும் இப்போது இல்லை.

05.03.2023

2009 பற்றி நிறைய எழுத மாட்டேன்.

கிளிநொச்சி நகரம் ஜனவரி 2 இல் விழுந்தது. ஊர் அதற்கு முதலே கிளம்பிவிட்டது, நாங்கள் கிழக்கே போனோம். றங்குப்பெட்டியைக் கொஞ்சத் தூரம் கொண்டு போனார்கள், பிறகு பிள்ளைகளைத் தூக்கக் கை வேண்டியிருந்தது. கிடாரத்தை முதலே வயல் மூலையில் மண்ணுக்குள் தாட்டார்கள் என்று ஒரு கதை, தாழ்க்கவில்லை என்று ஒரு கதை.

போரில் தப்பி வந்தவர்களைச் செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமில் வலயம் வலயமாகப் பிரித்து அடைத்தார்கள். எங்கள் ஊரில் பாதிப்பேர் இராமநாதன் வலயத்தில், மிச்சப்பேர் அருணாசலத்திலும் ஆனந்த குமாரசாமியிலும். வலயத்துக்கு வலயம் போக விடமாட்டார்கள். யார் இருக்கிறார், யார் இல்லை என்று கம்பி வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று கத்திக் கேட்போம். ஒரு நாள் பழைய தலைவர் தண்ணீர் வரிசையில் நின்றபடி வீட்டுக்கு இருபது ரூபா சேர்த்தார். ஊர் ஆள் ஒருவர் வவுனியா ஆஸ்பத்திரியில் செத்துவிட்டார், அவருடைய மனைவியின் கையில் கொடுக்க. கொப்பி இல்லாததால் சவர்க்காரப் பெட்டி மட்டையில் எழுதினார்கள். வாய்க்காலுக்கு இந்தப்பக்கம், அந்தப்பக்கம் என்று பிரிக்காமல் ஒரே வரிசையாக எழுதிய முதல் சந்தாப் பட்டியலாக நான் பார்த்தது அந்த மட்டையைத்தான்.

கட்டடமும் காணியும் கிடாரமும் இல்லாமல் அன்றைக்குச் சங்கம் நடந்தது. முதலாவது பதிவு எழுதிய கனடா அண்ணை இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

06.03.2023

மேலே ஒரு தவறு. 2002 இல் விதி மாறிய பிறகு எழுதிய பட்டியலும் ஒரே வரிசைதான், அதை எழுதியதும் நான்தான். ஆகவே மட்டை முதலாவது இல்லை. இரவு எழுதும்போது மனம் அங்கேயே நின்றுவிட்டது.

19.03.2023

பலகைக்கு வருகிறேன்.

2010 இல் மீள்குடியேறினோம். 2011 இல் ஒரு தொண்டு நிறுவனம் மண்டபம் கட்டித் தந்தது. நன்றி உண்டு. எங்களிடம் அப்போது ஒரு சாக்குச் சீமெந்து வாங்கவும் வழியில்லை. ஆனால் வரைபடம் எங்கிருந்தோ வந்தது, ஊரில் ஒருவரையும் கேட்கவில்லை. தகரக்கூரை, நான்கு சுவர், விறாந்தை இல்லை. சித்திரையில் மதியம் உள்ளே இருக்க முடியாது. விறாந்தை இல்லாததால் கிழவர்கள் வருவதில்லை, கிழவர்கள் வராததால் பத்திரிகையை உரத்து வாசிக்க ஆள் இல்லை. காலையில் முன்பள்ளி நடக்கிறது, அந்தச் சத்தம் மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

பழைய சுவரை இடித்தபோது விளக்குப் புகை பிடித்த ஒரு மூலையை மட்டும் விடச் சொல்லிக் கேட்டோம். விட்டார்கள். படத்தில் நீங்கள் பார்த்தது அந்த மூலை.

காணியும் இன்னும் சங்கத்தின் பெயரில் இல்லை. அது வாய்க்கால் ஒதுக்குக் காணி. அப்புவின் காலத்தில் வாய்ச்சொல்லில் விட்ட இடம். ஒரு அலுவலகத்துக்கு ஆறு வருடமாகக் கடிதம் எழுதுகிறோம். "சங்கம் எப்போது தொடங்கியது என்பதற்கு ஆவணம் தரவும்" என்று பதில் வருகிறது. ஆவணமாகக் காட்ட எங்களிடம் இருப்பது பலகை ஒன்றுதான், அதில் 2011 என்று இருக்கிறது. உங்கள் முதற்பதிவு என்னை ஏன் அவ்வளவு சுட்டது என்று இப்போது விளங்குமென்று நினைக்கிறேன்.

22.03.2023

கனடா அண்ணை தன் பதிவைத் திருத்தி எழுதியிருக்கிறார். பார்த்தேன், சந்தோஷம். தன் தகப்பனும் கிளிநொச்சிப் பக்கம் தருமபுரத்தில் ஒரு மரண உதவிச் சங்கத்துக்குத் தனாதிகாரியாக இருந்தவர் என்று அவருக்கு இப்போதுதான் நினைவு வந்ததாம். தகப்பன் வைத்திருந்த பற்றுச்சீட்டுக் கட்டு ஏதும் இருந்தால் எறிய வேண்டாம், அண்ணை. படம் எடுத்துப் போடுங்கள். எங்களுக்கு உதவாவிட்டாலும் தருமபுரத்துக்கு உதவும்.

09.04.2023

கிடாரம் கிடைத்துவிட்டது.

வயல் மூலையிலோ வேறெங்கோ யாரும் தாழ்க்கவில்லை. வாய்க்காலுக்கு அங்கால ஒரு வீட்டில் இருந்தது. 2008 இல் ஊர் கிளம்பியபோது அந்த வீட்டுக்காரர் அதைத் தன் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்து எடுத்து, ஒவ்வொரு வருடமும் கோயில் பொங்கலுக்கு அவித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். சங்கத்துக் கிடாரம் என்று அவர்களுக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, அவர்களும் கொண்டுவந்து தரவில்லை. முன்பு ஒரு நாள் அதைக் கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பியதும் அவர்களுக்குத் தெரியும்.

நேற்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா திண்ணையில் இருந்து நீண்ட நேரம் அந்த வீட்டு ஆச்சியோடு பேசினார், என்ன பேசினார் என்று எனக்குச் சொல்லவில்லை. கிடாரத்தின் ஒரு காது உடைந்திருக்கிறது, அடி கறுத்துவிட்டது. விளிம்பில் எழுத்து இருக்கிறது. ம.உ.ச. எழுத்துக்குக் கீழே, அப்புவின் கையில் குத்திய ஆண்டு இருக்கிறது. அதை நான் இத்தனை வருடமும் கோலம் என்று நினைத்திருந்தேன், புள்ளிகள் தமிழ் எண்களில் இருக்கின்றன. படம் எடுத்து அந்த அலுவலகத்துக்கு அனுப்ப வைத்திருக்கிறேன். புளி போட்டுத் துலக்கியும் மூன்றாவது எண் மட்டும் சரியாகத் தெரியவில்லை. தமிழ் எண் வாசிக்கத் தெரிந்தவர்கள் படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: அது ௪ ஆ, ௫ ஆ?

கிடாரத்தை நாங்கள் எடுத்து வரவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு அவர்கள் வீட்டில் பொங்கல் இருக்கிறது. முடிந்ததும் மண்டபத்துக்கு வரும்.